முதலில் கோப்பு, மென்பொருள் அப்புறம்: தமிழ் நூல்களை எக்ஸ்எம்எல்லில் வைப்பது பற்றி

மின்னூலகம் ஒன்று தொடங்கப் போகிறோம், எந்த மென்பொருளை நிறுவலாம் என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நூல்கள் இப்போது எந்த வடிவத்தில் இருக்கின்றன? பெரும்பாலும் "வேர்ட் கோப்பா இருக்கு, கொஞ்சம் பிடிஎஃப், பழைய எழுத்துருவில தட்டினது கொஞ்சம்" என்று பதில் வரும். அடுத்த நிமிடமே பேச்சு டிஸ்பேஸா, கிரீன்ஸ்டோனா, ஐலன்டோராவா என்று திரும்பிவிடும். மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள், மூன்றும் நன்றாகவே வேலை செய்கின்றன, மூன்றிலும் எங்கோ உள்ளே எக்ஸ்எம்எல் (உரையின் எந்தப் பகுதி என்ன என்று டேக் என்ற பெயர்க்குறிகளால் சுட்டிச் சேமிக்கும் வடிவம்) ஓடத்தான் செய்கிறது. ஆனால் அவற்றுக்கு ஒரு நூல் என்பது பொட்டலம் மாதிரி. மேலே ஒட்டிய சீட்டில் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு இருந்தால் போதும். உள்ளே பாட்டு எது, உரை எது, பாடபேதம் எது என்பதெல்லாம் அவற்றின் கவலை இல்லை. சிறுவர் இதழ்களையும் துண்டுப்பிரசுரங்களையும் படமெடுத்துச் சேர்ப்பவர்களுக்கு அது போதும். இலக்கண, இலக்கிய நூல்களைத் தேடவும் ஒப்பிடவும் வேண்டும் என்பவர்களுக்குப் போதாது. நான் எழுதுவது இந்த இரண்டாவது கூட்டத்துக்கு.

அந்தச் சீட்டைப் பற்றியே ஒரு செய்தி சொல்லிவிட்டுப் போகிறேன். ஐலன்டோரா 2006ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஈழத்து ஆவணங்களைச் சேர்க்கும் நூலக நிறுவனத்தின் 'ஆவணகம்' தளம் அதில் அமைந்ததுதான். அதன் 7ஆம் பதிப்பில் ஒவ்வொரு ஆவணத்தின் விவரமும் மாட்ஸ் என்ற எக்ஸ்எம்எல் வடிவத்தில் தனிக் கோப்பாகவே இருந்தது. அது நின்றிருந்த, இணையதளம் கட்டும் மென்பொருளான துரூபல் 7க்கான ஆதரவு 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. புதிய ஐலன்டோராவில் விவரங்கள் துரூபலின் புலங்களுக்குள் போய்விட்டன. மாட்ஸில் ஒரு பெயருக்குள் அவர் ஆசிரியரா, பதிப்பாசிரியரா, ஓவியரா என்று அடுக்கடுக்காக எழுத முடியும். அதைப் புலங்களாகப் பிரித்துப் போடுவது உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை. மென்பொருள்காரர்களைக் குறை சொல்லவில்லை, அடித்தளம் போனால் அவர்களும் மாறத்தானே வேண்டும். ஆனால் கோப்பு நம் கையில், நம் கோப்புறையில், எந்தத் தளத்தையும் சாராமல் இருந்தால் இந்த மாதிரி மாற்றம் ஒரு வேலையாக மட்டும் இருக்கும், ஆபத்தாக இருக்காது. நான் சொல்ல வந்தது கிட்டத்தட்ட முழுக்க இதுதான். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்ற விவரம்.

சரி, நூலுக்குள் போவோம். நூல்களை எக்ஸ்எம்எல்லில் குறிப்பதற்கு உலகம் முழுக்கப் பயன்படுவது டிஇஐ என்ற வழிகாட்டு நெறி. 1987ல் அமெரிக்காவின் பொகீப்சி ஊரில் கூடிய ஒரு கூட்டத்தில் தொடங்கியது, எக்ஸ்எம்எல்லே (1998) அப்போது பிறக்கவில்லை. இப்போது புழங்கும் பி5 பதிப்பு 2007ல் வந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட டேக்குகள் அதில் உண்டு. பயப்பட வேண்டாம், ஒரு சாதாரணப் பதிப்புக்கு முப்பது நாற்பது போதும். டேக் பெயர்களையே தமிழில் வைத்துக்கொள்ளலாமே, குறள், அடி, சீர் என்று? எக்ஸ்எம்எல் விதிப்படி தாராளமாக வைக்கலாம், தமிழ் எழுத்துகள் அனுமதிக்கப்பட்டவைதான். ஆனால் வைத்த மறுகணமே டிஇஐக்காக உலகம் எழுதிவைத்த அத்தனை கருவிகளும் நமக்குப் பயன்படாமல் போகும். ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

தமிழில் உண்மையான சிக்கல் எங்கே வருகிறது என்று பார்க்க இரண்டாவது குறளே போதும். "கற்றதனா லாய பயனென்கொல் வாலறிவன் நற்றாள் தொழாஅர் எனின்." சீர் பிரித்தால் கற்றதனா, லாய, பயனென்கொல் என்று போகும். சொல் பிரித்தால் கற்றதனால், ஆய, பயன், என், கொல். இப்போது சீருக்கு ஒரு டேக், சொல்லுக்கு ஒரு டேக் போடுங்கள் பார்ப்போம். 'பயனென்கொல்' சரிதான், ஒரு சீருக்குள் மூன்று சொல் என்று ஒருவிதமாக அடக்கிவிடலாம் (அதிலும் 'னெ' இடிக்கும்). 'லாய'வில் மாட்டிக்கொள்வோம். முதல் சொல்லின் ல் அடுத்த சீருக்குத் தாவி, அங்கே இருந்த ஆவோடு சேர்ந்து லா ஆகிவிட்டது. சொல்லின் எல்லை ஓர் உயிர்மெய் எழுத்தின் நடுவயிற்றில் விழுகிறது. எக்ஸ்எம்எல்லில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கலாம், ஒன்றை ஒன்று வெட்டக் கூடாது. இது எல்லா மொழிக்காரர்களுக்கும் உள்ள தலைவலிதான், கவிதையின் அடியும் வாக்கியமும் எங்கேயும் முட்டிக்கொள்ளும். நம்முடையது அதற்கும் ஒரு படி மேல். யூனிகோடில் லா என்பது ல, அதற்குப் பின் துணைக்கால் என்று இரண்டு குறிகள். இரண்டுக்கும் நடுவில் டேக்கை நுழைத்தால் துணைக்கால் மட்டும் அநாதையாக ஒரு டேக்குக்குள் தொடங்கும், திரையில் புள்ளிவட்டம் தெரியும். அது போகட்டும் என்றாலும் துணைக்கால் என்பது ஆ இல்லையே.

கல்வெட்டுக்காரர்களுக்கு இதில் ஓரளவு வசதி உண்டு. ஐரோப்பிய ஆய்வுக் கழகத்தின் நிதியில் 2019ல் தொடங்கிய தர்மா திட்டம் தமிழ்க் கல்வெட்டுகள் உட்பட நிறையக் கல்வெட்டுகளை எபிடாக் என்ற டிஇஐ வழிமுறையில் பதித்து, கோப்புகளை கிட்ஹப் என்ற இணையக் கிடங்கில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அங்கே கல்லின் வரி முடியும் இடத்தில் ஒரு வெற்று டேக் மட்டும் வரும், சொல் இங்கே முறியவில்லை என்ற குறிப்போடு. வெற்று டேக் எதையும் வெட்டாது, அதனால் சண்டை இல்லை. ஆனால் அந்த வித்தையும் எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில்தான் செல்லும். ஓலையிலோ கல்லிலோ கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் மெய் அடுத்த வரியின் தொடக்கத்திலும் நின்றால் என்ன செய்வது? யூனிகோடில் கொம்பு எப்போதும் மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படும், கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும். தமிழ் எழுத்திலேயே வைத்துக்கொண்டு அந்த இடத்தை நேராகக் குறிக்க வழியே இல்லை, பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவைக்க வேண்டியதுதான்.

பாட்டுக்கு நான் பரிந்துரைப்பது, எழுத்தளவில் இரண்டையும் ஒட்டவைக்கும் முயற்சியையே கைவிடுவது. சீர் வடிவம் ஓர் அடுக்கு, பதம் பிரித்த வடிவம் இன்னோர் அடுக்கு. இரண்டும் அடி அளவில் மட்டும் ஒன்றை ஒன்று சுட்டினால் போதும். வாசகர் 'பயன்' என்று தேடும்போது தேடல் பதம் பிரித்த அடுக்கில் ஓடட்டும், திரையில் வருவது சீர் வடிவமாக இருக்கட்டும். மொழியியல் ஆய்வுக்கு எழுத்தளவு இணைப்பு வேண்டும் என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இது போதாதுதான், ஆனால் ஒரு சிறு குழு ஆயிரக்கணக்கான பாடல்களைப் பார்த்து முடிக்க வேண்டுமென்றால் எங்காவது கோடு கிழிக்க வேண்டும்.

உரைகளையும் இதே மனத்தோடுதான் வைக்க வேண்டும், அதாவது மூலத்துக்குள் நுழைக்காமல் தனிக் கோப்பாக. பரிமேலழகர் ஒரு கோப்பு, மணக்குடவர் ஒரு கோப்பு, ஒவ்வொரு உரைப்பகுதியும் எந்தக் குறளுக்கு என்பதை ஓர் அடையாளத்தால் சுட்டும். அடையாளத்தை வரிசை எண்ணாக வைத்துக்கொண்டு அதை உண்மையான வரிசை என்று நம்பிவிடக் கூடாது, ஏனென்றால் அதிகாரத்துக்குள் குறள்கள் நிற்கும் வரிசை மணக்குடவரிடம் வேறு, பரிமேலழகரிடம் வேறு. நாம் பழகியது பரிமேலழகரின் வரிசை. அடையாளம் வெறும் பெயர். வரிசை ஒவ்வொரு உரையாசிரியரின் கோப்பிலும் தனியாக இருக்கட்டும். எக்ஸ்எம்எல்லை வேறு வடிவமாக மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி நிரல் ஒன்றை எழுதினால் யார் வரிசையில் வேண்டுமானாலும் பக்கம் தயாராகிவிடும்.

அடுத்தது சரிபார்ப்பு. என் கருத்தில் மொத்த நேரத்தில் பாதியை இதற்கே செலவிட வேண்டும். டேக்குகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க ரிலாக்ஸ் என்ஜி ஸ்கீமாவும் (எந்த டேக் எங்கே வரலாம் என்ற விதிப்பட்டியல்) ஜேம்ஸ் கிளார்க் எழுதிய ஜிங் என்ற சிறு கருவியும் போதும். ஆனால் தமிழ் சரியாக இருக்கிறதா என்று அவற்றுக்குத் தெரியாது. அதற்கு ஸ்கீமட்ரான். ரிக் ஜெலிஃப் 1999ல் உருவாக்கியது, பின்னர் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. "இந்த இடத்தில் இப்படி இருந்தால் இந்த வாக்கியத்தைச் சொல்லி எச்சரி" என்று விதி எழுதலாம், எச்சரிக்கை வாக்கியத்தைத் தமிழிலேயே எழுதலாம். பிழை பார்க்கிற தமிழாசிரியருக்கு அதைப் படித்ததும் புரிந்துவிடும், அது பெரிய வசதி. ஸ்கெக்ஸ்எஸ்எல்டி என்ற கட்டற்ற செயலாக்கத்தைச் சாக்சன் என்ற எக்ஸ்எஸ்எல்டி இயக்கியோடு ஓட்டினால் வேலை முடிந்தது.

என்ன விதிகள்? பழைய டிஸ்கி (யூனிகோடு பரவுமுன் புழங்கிய தமிழ்க் குறிமுறை) எழுத்துருக்களில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, மெய்யெழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டது. மாற்றி நிரல் எங்காவது தடுமாறினால் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் அல்லது இடைவெளிக்குப் பின் தனியே நிற்கும். ஆகவே, சொல்லின் முதலில் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் பிழை. கௌ என்று வரவேண்டிய இடத்தில் கெ போட்டு ள போட்டிருப்பார்கள். ஔவையை ஒள என்று இரண்டெழுத்தாகத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், தேடலுக்கு வேறு வேறு. ஒகரக் குறியை இரண்டு துண்டாகத் தட்டியதை யூனிகோடு இயல்பாக்கம் ஒன்றாக்கிவிடும், ஆனால் இந்த ள விவகாரத்தை அது தொடாது, நாம்தான் விதி எழுத வேண்டும். 'ஸ்ரீ' இன்னொரு வம்பு. 2005ல் யூனிகோடு 4.1 தமிழுக்கு ஶ என்ற எழுத்தைச் சேர்த்ததிலிருந்து அதை இரண்டு வழியில் தட்டலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். கோப்பில் ஒரு வழியை மட்டும் அனுமதியுங்கள், தேடலில் இரண்டையும் சமமாக்குங்கள். இணையத்திலிருந்து நகலெடுத்த பகுதிகளில் அகலமில்லாத கட்டுப்பாட்டுக் குறிகள் ஒளிந்து வரும், அவற்றுக்கும் ஒரு விதி. தமிழ் எண்களில் ௧ வரவேண்டிய இடத்தில் க, ௨ வரவேண்டிய இடத்தில் உ. எண் என்று டேக் போட்ட இடத்தில் எழுத்து இருந்தால் பிழை என்று ஒரு வரி எழுதினால் இவை வரிசையாக வெளியே வந்து விழும். பின்னங்கள் வேண்டியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: மா, முந்திரி உள்ளிட்ட குறிகள் 2019ல் யூனிகோடு 12ல் இடம் பெற்றுவிட்டன. அவற்றைக் காட்டும் எழுத்துரு வாசகரின் கருவியில் இருக்கிறதா என்பது தனிக் கதை.

எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. சொல்லின் நடுவில் தனி உயிரெழுத்து வந்தால் எச்சரி. ஓசிஆர் செய்த (பக்கப் படத்திலிருந்து கணினியே எழுத்துகளைப் படித்தெடுத்த) நூலில் இது அள்ளிக்கொண்டு வரும், எடுத்துக்காட்டாக இடைவெளி விழுங்கப்பட்ட இடங்களையெல்லாம். ஆனால் ஓட்டிய உடனே தொழாஅர், கெடுப்பதூஉம் எல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடும். அளபெடையை விலக்க வேண்டும்: நெடிலுக்குப் பின் அதன் இனக் குறில் வந்தால் விடு, ஐகாரத்துக்குப் பின் இ வந்தாலும் விடு. பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கண விதியை அப்படியே நிரலாக எழுதுகிற அந்தப் பத்து வரிகள் தருகிற மகிழ்ச்சி வேறு எதிலும் கிடைத்ததில்லை.

இந்த மாதிரி வேலைகளைப் பைத்தானில் செய்யலாமே என்பார்கள். செய்யலாம், ஆனால் பைத்தான் நிரல்மொழியோடு வரும் ஆர்இ என்ற தேடல் தொகுப்பில் 'சொல்லெழுத்து' என்ற குறியைக் கொண்டு 'தமிழ்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். 'தம', 'ழ' என்று இரண்டு துண்டு கிடைக்கும், இகரக் குறியையும் புள்ளியையும் அது எழுத்தாகவே மதிப்பதில்லை. எக்ஸ்எம்எல்லுக்குள் தேட உதவும் எக்ஸ்பாத் மொழியில் அதே குறி, நிறுத்தற்குறியும் இடைவெளியும் கட்டுப்பாட்டுக் குறியும் தவிர மற்றதெல்லாம் என்று வரையறுக்கப்பட்டிருப்பதால் சொல் முழுதாக வரும். நீளம் கேட்டால் மட்டும் அதுவும் 5 என்று சொல்லும், நமக்கு வேண்டியது 3. ஓர் அடிப்படைக் குறியும் அதைத் தொடரும் சார்குறிகளும் சேர்ந்தது ஓர் எழுத்து என்று தேடுகோவை (தேடவேண்டிய வடிவத்தைச் சொல்லும் குறிப்பு) எழுதி எண்ணினால் த, மி, ழ் என்று சரியாக வந்துவிடும். யாப்பு பார்க்கிற நிரல்களுக்கு இதுதான் முதல் படி.

கோப்புகள், ஒவ்வொரு திருத்தத்தையும் வரலாறாகப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் இருக்கட்டும். இதில் ஒரே ஒரு எச்சரிக்கை: அழகாக அடுக்கிக் காட்டுகிறேன் என்று எடிட்டர் செய்யும் தானியங்கி வேலையை நிறுத்தி வையுங்கள். ஓர் அடியை ஒரு வரியாக எழுதி அப்படியே விட்டால் யார் எந்தச் சொல்லை எப்போது திருத்தினார் என்று வரலாறு பளிச்சென்று தெரியும். தானியங்கி அடுக்கல் ஒரு தரம் ஓடினால் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டும், அதைவிட மோசம், பக்கத்தில் பக்கத்தில் இருந்த டேக்குகளுக்கு நடுவே இடைவெளி நுழைந்து ஒட்டியிருந்த எழுத்துகள் பிரிந்துவிடும். பிழை பார்ப்பவர்கள் டேக்குகளைப் பார்த்து மிரளுவார்கள் என்பதும் நியாயமான கவலை. அவர்கள் ரைட்டரிலோ வேர்டிலோ பாணிகளைப் பயன்படுத்தித் திருத்தட்டும், டிஇஐ கராஜ் என்ற கட்டற்ற மாற்றி அதை டிஇஐயாக்கித் தரும், மீதியை எக்ஸ்எஸ்எல்டியால் சீர்செய்யலாம். எக்ஸ்எம்எல்லைத் தானே தொடுபவர்களில் பெரும்பாலோர் ஆக்சிஜன் எடிட்டரைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அருமையான மென்பொருள், ஆனால் அது கட்டற்றதும் இல்லை, இலவசமும் இல்லை. விஎஸ் கோடு என்ற எடிட்டரில் ஸ்காலர்லி எக்ஸ்எம்எல் என்ற நீட்சியைப் போட்டுக்கொண்டால் ஸ்கீமாவைப் பார்த்து டேக்குகளை எடுத்துக்கொடுக்கும், பிழையைச் சிவப்புக் கோடிட்டுக் காட்டும். தொண்ணூறு சதவீத வேலைக்கு அது போதும் என்பது என் கணிப்பு.

தரவுத்தளத்துக்கு இப்போதுதான் வருகிறேன், இவ்வளவு தாமதமாக வருவதே சரி. ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த பேஸ்எக்ஸ் ஒன்று, வோல்ஃப்காங் மையர் 2000ல் தொடங்கிய எக்ஸிஸ்ட் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துத்தான் பயன்படுத்தச் சொல்வேன், வேறு வேறு வேலைக்கு. பேஸ்எக்ஸ் மடிக்கணினியில் உடனே ஓடும். கோப்புறையைக் காட்டினால் உள்ளே இழுத்துக்கொண்டு, எந்த டேக் எத்தனை இடத்தில், எந்த ஊர்ப்பெயர் எத்தனை விதமான எழுத்துக்கூட்டலில் என்று எக்ஸ்குவெரி என்ற வினவல் மொழியில் கேட்டதற்கெல்லாம் சட்டென்று பதில் சொல்லும். தொகுப்பைத் துப்புரவாக்க இதைவிட நல்ல கருவி தெரியாது. எக்ஸிஸ்ட் பொதுமக்களுக்குத் தளமாகத் திறக்க உகந்தது, அதன் மேல் டிஇஐ பப்ளிஷர் இருக்கிறது, நிரல் அதிகம் எழுதாமலே படிக்கவும் தேடவும் வசதியான தளம் கிடைக்கும். தேடலுக்கு அது லூசீன் என்ற தேடல் தொகுப்பை நம்பியிருக்கிறது. ஆனால் சர்வர் ஒன்றை ஜாவாவோடு ஆண்டுக்கணக்காக ஓடவைத்துப் பராமரிக்க ஆள் வேண்டும், பணம் வேண்டும். எந்தத் தரவுத்தளமானாலும் ஒரு நாள் முழுவதையும் அழித்துவிட்டுக் கிட்டில் உள்ள கோப்புகளிலிருந்து மறுபடி ஏற்றிப் பாருங்கள். ஏறவில்லை என்றால் அதற்குள் மட்டும் ஏதோ தங்கியிருக்கிறது என்று பொருள்.

மாற்றி எழுதும் வேலைக்குச் சாக்சன், மைக்கேல் கே எழுதியது, அதன் எச்ஈ பதிப்பு கட்டற்றது, எக்ஸ்எஸ்எல்டி 3ஐ நன்றாகவே ஓட்டும். லினக்ஸோடு வரும் எக்ஸ்எஸ்எல்டிபிராக் கருவிக்கு முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும், மேலே சொன்ன தேடுகோவை வித்தைகள் எதுவும் அதில் நடக்காது. அதன் அடியில் உள்ள லிப்எக்ஸ்எம்எல்2 உலகின் எண்ணற்ற கருவிகளுக்குள் ஓடுகிறது, அதைப் பராமரித்துவந்தவரோ ஒரு தன்னார்வலர். பாதுகாப்புக் குறைகளை ரகசியமாக வைத்திருந்து கெடுவுக்குள் தீர்த்துத் தருவது இனி முடியாது, மற்ற பிழைகளைப் போலவே அவற்றையும் நடத்துவேன் என்று அவர் 2025ல் அறிவித்தார். பெரிய நிறுவனங்கள் காசு வாங்காத ஒருவரின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. அதே ஆண்டு குரோம் உலாவியும் எக்ஸ்எஸ்எல்டி ஆதரவை நீக்கப் போவதாகச் சொல்லிவிட்டது. எக்ஸ்எம்எல் கோப்பை அப்படியே உலாவிக்கு அனுப்பி அங்கேயே பக்கமாக மாற்றிக்கொண்டிருந்த தளங்கள் இப்போதே மாற வேண்டும். டிஇஐயை உலாவியிலேயே காட்ட சீட்டீசியன் என்ற சிறு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இருக்கிறது, அல்லது முன்கூட்டியே சாக்சனை ஓட்டி வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக்கி வைத்துவிடலாம்.

எனக்கு இந்த இரண்டாவது வழிதான். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் எண்டிங்ஸ் என்றொரு திட்டம், நிதி தீர்ந்து ஆட்கள் கலைந்த பிறகும் தளம் நிற்க வேண்டுமானால் தரவுத்தளமும் சர்வர் நிரலும் இல்லாத நிலைப்பக்கங்களாக வெளியிடுங்கள் என்று வற்புறுத்துகிறது. அவர்களே எழுதிய ஸ்டாட்டிக்சர்ச் கருவி தேடல் பட்டியலையும் முன்கூட்டியே கோப்புகளாகத் தயாரித்துவிடும், சர்வரே வேண்டாம். அதில் வேர்ச்சொல் பிரிக்கும் பகுதியை அந்தந்த மொழிக்கு எழுதிச் செருகிக்கொள்ளலாம். ஸ்னோபால் தொகுப்பில் தமிழுக்கு ஒரு வேர்ச்சொல் நிரல் இருக்கிறது, இன்றைய உரைநடைக்குச் சுமாராக ஓடும், சங்கப் பாட்டுக்கும் குறளுக்கும் அது கைகொடுக்காது. அங்கே 'தொழாஅர்' என்பதைத் 'தொழார்' என்று தேடுபவருக்கும் காட்ட வேண்டும், 'நற்றாள்' இருக்கும் இடத்தைத் 'தாள்' என்று தேடுபவருக்கும் காட்ட வேண்டும். பதம் பிரித்த அடுக்கு இதில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடுகிறது, அளபெடைக்குச் சரிபார்ப்பில் எழுதிய அதே விதியைத் திருப்பிப் போட்டு அந்தக் குறிலை நீக்கினால் ஆயிற்று. மீதமிருப்பது வேற்றுமை உருபுகளும் பழைய வினைமுற்றுகளும்; அதற்கான நிரலை எழுத இலக்கணமும் எக்ஸ்எஸ்எல்டியும் தெரிந்த ஆள் வேண்டும், அல்லது ஒன்று தெரிந்த இருவர் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.